காலம் கடந்த காதலும் மரியாதை விகுதிகளும்
‘நிலவின் காதலர்’ என்னும் கொரிய வரலாற்றுத் தொடரை முன்வைத்து

கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி 2016 ஆகஸ்ட் 29 முதல் நவம்பர் 1 வரை 20 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘நிலவின் காதலர்’ என்னும் தொடர், இருபத்தோராம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தி பத்தாம் நூற்றாண்டின் அரசவையில் சென்று சேர்வதைக் கூறுவது. சீன எழுத்தாளர் டொங் ஹுவாவின் புதினம் ஒன்றே இதன் மூலம். அப்புதினத்தின் களம் சிங் மரபின் காங்ஷி பேரரசர் காலம். 2011-இல் சீனத்தில் தொலைக்காட்சித் தொடராக வந்தபோதும் அக்களமே நின்றது. கொரியர் அதனைத் தம் நாட்டுக் கோரியோ மரபின் தொடக்க காலத்திற்கு மாற்றிக்கொண்டனர். சீனத் தலைப்பின் பொருள் ‘அடிதோறும் உள்ளம் திடுக்கிடல்’ என்பதாகும். ஆங்கிலத்தில் அது ‘செந்நிற இதயம்’ என்றாயிற்று. மூலத்தில் செம்மையும் இல்லை, நிறமும் இல்லை. தலைப்பிலேயே இத்துணைத் தொலைவு நேருமாயின் உரையாடலில் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

கதை சுருக்கமாக வருமாறு: கோ ஹா-ஜின் என்னும் இளம்பெண், சூரிய கிரகணத்தன்று நீரில் மூழ்கிய குழந்தையைக் காப்பாற்றித் தானும் மூழ்குகிறாள். கி.பி. 941-இல் ஹே சூ என்னும் உயர்குடிப் பெண்ணின் உடலில் கண்விழிக்கிறாள். கோரியோவை 918-இல் நிறுவிய தேஜோ வாங் கொன் அப்போது அரியணையில் இருக்கிறார். அவருக்கு 29 மனைவியரும் 25 ஆண்மக்களும் இருந்தனர் என்பது வரலாறு. அரசுரிமைப் பூசலுக்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை. எட்டாம் இளவரசன் வாங் வுக்கிடம் முதலில் மனம் செலுத்தும் ஹே சூ, பின்னர் நான்காம் இளவரசன் வாங் சோவைக் காதலிக்கிறாள். அவனே 949 முதல் 975 வரை ஆண்ட க்வாங்ஜோங். உடன்பிறந்தோரைக் கொன்றவன் என்று தான் படித்திருந்த அரசன் இவனே என்பதை உணரும்போது அவள் அச்சமும் காதலும் ஒருங்கே கொள்கிறாள்.

நாடகம் என்ற அளவில் இத்தொடரின் குறை வெளிப்படையானது. அரசியல் முழுவதும் உடன்பிறந்தார் பொறாமையாகவும் தாய்மாரின் சூழ்ச்சியாகவும் சுருங்கிவிடுகிறது. க்வாங்ஜோங் 956-இல் அடிமைகளின் நிலையை ஆராய்ந்து, முறையின்றி அடிமையாக்கப்பட்டோரை விடுவிக்கச் சட்டம் செய்தார். 958-இல் பின்-சோ நாட்டிலிருந்து வந்த ஷுவாங் ஜியின் அறிவுரைப்படி அரசுப் பணிக்குத் தேர்வுமுறையைக் கொணர்ந்தார். பெருங்குடிகளின் ஆள்வலியையும் பதவியுரிமையையும் ஒருங்கே தாக்கிய செயல்கள் இவை. அவர்தம் ஆட்சியில் குருதி சிந்தியதற்குக் காரணம் இங்கேதான் உள்ளது. தொடரோ அவருடைய ஆட்சிக்காலத்தை இறுதிச் சில பகுதிகளுக்குள் அடக்கி, கொடுமையின் காரணத்தைக் காதலின் இழப்பில் தேடுகிறது. இதனைப் பற்றி மேலும் கூற வேண்டியதில்லை. மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் நோக்க வேண்டிய செய்தி வேறிடத்தில் உள்ளது.

அரசவை மாந்தர் இத்தொடரில் பேசும் கொரிய மொழி பத்தாம் நூற்றாண்டு மொழியன்று. அக்கால மொழிக்குச் சான்றுகள் மிக அரியன. க்வாங்ஜோங் காலத்தில் வாழ்ந்த கியுன்யோ என்னும் துறவி (923–973) இயற்றிய 11 பாடல்கள் அவற்றுள் தலையாயவை. அவையும் சீன எழுத்துகளை ஓரிடத்தில் பொருளுக்கும் ஓரிடத்தில் ஒலிக்குமாகப் பயன்படுத்தி எழுதப்பட்டவை. கொரியருக்குரிய எழுத்து 1443-இல் உருவாகி 1446-இல் அறிவிக்கப்பட்டதேயாகும். ஆகவே வரலாற்றுத் தொடர்களில் ஒலிக்கும் ‘-நாயிதா’, ‘-சொசொ’ முதலிய முடிபுகள், பிற்கால அரசவை வழக்கின் சாயலில் அமைந்த ஒரு மரபு மொழியைச் சார்ந்தவை. நம் வரலாற்றுத் திரைப்படங்களின் செந்தமிழும் இத்தகையதே. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளின் (919, 921) தமிழைச் சோழர் கதைப் படம் எதுவும் பேசியதில்லை. 2022-இல் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் மொழியும் இருபதாம் நூற்றாண்டு எழுத்துத் தமிழைத் தழுவியதே. பழமை என்பது இரு மொழியிலும் சான்றினால் வருவதன்று, வழக்கத்தினால் வருவது. எனவே பழந்தமிழ்ச் சொற்களைத் தேடித் திணிப்பதால் மொழிபெயர்ப்பாளர் மூலத்திற்கு நெருங்கிவிடுவதில்லை.

மூலத்தில் காலவேறுபாட்டைச் சுமப்பவை வினைமுடிபுகளே. ஹே சூ இளவரசர்களிடம் பெரும்பாலும் ‘-யோ’ என்று முடியும் இக்கால மரியாதை வழக்கில் பேசுகிறாள். அவர்கள் அவளிடம் ‘-நுன்யா’, ‘-கொரா’ என முடியும் தாழ்நிலை வழக்கில் வினவுகின்றனர், ஏவுகின்றனர். அவளைச் சுற்றியுள்ள பணிப்பெண்களும் அமைச்சர்களும் அரண்மனைக்குரிய உயர்நிலை முடிபுகளைக் கையாள்கின்றனர். இவ்வாறு ஒவ்வொரு தொடரிலும் அவள் அந்நியள் என்பது ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. ஆங்கிலத் துணைத்தலைப்பில் இது முற்றும் மறைகிறது. அங்கு எல்லாரும் ஒரே முன்னிலைப் பெயரால் விளிக்கப்படுகின்றனர். கொரிய மொழியிலிருந்து நேரே தமிழாக்குவோர் மிகச் சிலரே. ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டு தமிழாக்குவோர், இழக்கப்பட்டது இன்னதென்றும் அறியாமலேயே இழக்கின்றனர். தமிழோ நீ, நீர், நீங்கள், தாங்கள் என நான்கு படிகளைத் தன்னிடத்தே வைத்துள்ளது. செல்வம் உள்ள வீட்டில் கடன் வாங்கி உண்பது போன்றது இது.

ஆயினும் இரு மொழிகளின் அமைப்பு ஒன்றன்று. கொரிய மொழி, எழுவாய்க்குரிய மதிப்பை ‘-சி-’ என்னும் இடைநிலையாலும் கேட்போர்க்குரிய மதிப்பை வினையின் இறுதியாலும் தனித்தனியே உணர்த்தும். ‘நான் போனேன்’ என்பதைக் கொரிய மொழியில் கூறுவோர் கேட்போரை எந்நிலையில் வைக்கிறார் என்பதையும் உடன் கூறியாக வேண்டும். எழுத்துத் தமிழில் இதற்கு இடமில்லை. பேச்சுத் தமிழில் உண்டு. ‘போனேங்க’, ‘ஆமாங்க’, ‘நானுங்க’ என வரும் ‘-ங்க’ எழுவாயைச் சாராமல் கேட்போரை மட்டுமே சிறப்பிக்கிறது. கொரிய ‘-யோ’வும் வினையோடு மட்டுமன்றிப் பெயரோடும் இவ்வாறே ஒட்டும். ‘சொ-யோ’ என்பதற்கு ‘நானுங்க’ என்பதினும் நெருங்கிய பெயர்ப்பு இல்லை. 1905-இல் ஹல்பர்ட் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். அவர் வழி இனவுறவு பேச இங்குக் கருதவில்லை. தொடர்பற்ற மொழிகளிலும் ஒத்த தேவை ஒத்த உருபைத் தோற்றுவிக்கும் என்பதே போதும்.

எனின், ஹே சூவின் ‘-யோ’வை ‘-ங்க’ என்று பெயர்த்துவிடலாமோ? கூடாது என்பதே என் கருத்து. உருபு ஒத்தபோதும் சமூகப் பொருள் நேர்மாறாகிறது. அரண்மனையில் ‘-யோ’ என்பது போதாத மரியாதை. இன்றைய சியோல் நகரப் பெண் அறிமுகமானவரிடம் பேசும் இயல்பான பணிவு அது, அதற்கு மேல் இல்லை. தமிழில் ‘-ங்க’வோ இளவரசன் முன் வரும்போது குடியானவர் ஆண்டையிடம் பேசும் குரலையும் மனைவி கணவனிடம் பேசும் பழைய வழக்கையும் நினைவூட்டும். சற்றே வரம்பு மீறியவள் தமிழில் மிகப் பணிந்தவளாகிவிடுவாள். அவளை முழுமையும் பேச்சுத் தமிழிலும் பிறரைச் செந்தமிழிலும் பேசவைப்பது மற்றொரு வழி. ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006) இவ்விரட்டை வழக்கைக் கொண்டு எத்துணை நகை விளைத்தது என்பதை அறிவோம். முதற் பகுதிகளின் வேடிக்கைக்கு அது உதவும். அவளுக்காக அரண்மனைப் பெண் அதிகாரி ஓ தூக்கிலிடப்படும் பகுதியில் அது கேட்கச் சகியாது.

நான் பரிந்துரைப்பது மெல்லிய வேறுபாடு ஒன்றையே. அரசவையோர் மேலோரிடம் ‘தாங்கள்’ என்றும் பட்டப்பெயராலும் விளிக்கட்டும். ஹே சூ மட்டும் ‘நீங்கள்’ என்க. இளவரசர் அவளை ‘நீ’ என்க. எழுத்துத் தமிழுக்குள்ளேயே நின்று, இருபது பகுதிகளிலும் பிறழாமல் காக்கப்படுமாயின், இவ்வோர் எழுத்து வேறுபாடே அவளைத் தனித்துக் காட்டப் போதும். இடைநிலை ‘ஹாஒ’ முடிபுக்கு ‘நீர்’ பொருந்தும். இரண்டும் அன்றாட வழக்கிலிருந்து பெரிதும் நீங்கி நாடக மேடையில் வாழ்பவை. யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘நீர்’ என்று இயல்பாகப் பேசுவர் என்பதால், அவர்கள் செவிக்கு இது பழமையாகத் தோன்றாது என்பதையும் கருத்தில் கொள்ளல் வேண்டும். ‘-சொசொ’ என்னும் வேண்டுகோள் முடிபு இன்று கொரியக் கிறித்தவர் செபங்களில் வழங்குகிறது. நம்மிடமும் ‘தேவரீர்’ என்பது அரசவையை விட்டுச் செபத்தில்தான் தங்கியுள்ளது. அமைச்சர் அரசனை வேண்டும் இடங்களில் அச்சொல்லைத் தயங்காமல் ஆளலாம்.

பட்டப்பெயர்களிலும் கவனம் வேண்டும். ஜோசன் காலத் தொடர்களில் அரசன் ‘ஜொன்ஹா’. இத்தொடரில் ‘ப்யேஹா’, அஃதாவது பேரரசர்க்குரிய விளி. இளவரசர் ‘ஹ்வாங்ஜா’ எனப்படுவர், பட்டத்து இளவரசன் ‘சொங்யுன்’ எனப்படுவான். க்வாங்ஜோங் தமக்கென ஆண்டுப்பெயர் நிறுவி, 960-இல் தலைநகருக்குப் பேரரசத் தலைநகர் என்று பெயரிட்டவர் ஆதலின் இவ்வழக்குக்கு அடிப்படை உண்டு. ‘மன்னா’ என்று பொதுவாக விளித்துவிட்டால் ஓர் அரசியல் உரிமைக் கோரிக்கையே அழிந்துவிடும். உறவுமுறையில் வேறொரு கண்ணி உள்ளது. வுக் ஹே சூவின் தமக்கை முறையாளின் கணவன். தமிழில் ‘அத்தான்’ என்று எழுதக் கை துடிக்கும். அச்சொல் மணவுரிமையையே உள்ளடக்கியது. மூலத்தில் அவள் ‘இளவரசரே’ என்றே விளிக்கிறாள். நோயுற்ற தமக்கை தன் கணவனுக்கே அவளைப் பொறுப்பாக்கும்போது பிறக்கும் நெருடல், ‘அத்தான்’ என்ற ஒரு சொல்லால் முன்னரே தீர்ந்துபோகும்.

இறுதியாக ஒரு சொல். வாங் சோ அவளை ‘நே சராம்’ என்கிறான். ‘என் மனிதர்’ என்பது சொற்பொருள். ‘சராம்’ ஆண், பெண் பாகுபாடற்றது. ‘என்னவள்’ எனில் முழுதும் காதலாகிவிடும். ‘என் ஆள்’ எனில் இன்றைய தெருப்பேச்சாகிவிடும். தாயாலும் கைவிடப்பட்டுப் பிற குடியில் வளர்ந்த ஒருவன், ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பக்கத்தைச் சார்ந்தே உயிர் பிழைக்கும் அரண்மனையில் இதனைக் கூறுகிறான். தன் பக்கத்தில் ஓர் உயிர் உண்டு என்னும் அரசியற் பொருளும் அதனுள் அடங்கும். ‘நீ என்னைச் சேர்ந்தவள்’ என்பது அவ்விரு பொருளையும் தாங்கும். ‘சேர்தல்’ என்னும் வினை கட்சிக்கும் உரியது, கூடலுக்கும் உரியது.