ஸ்டுடியோவை வாங்கினால் கேம் வந்துவிடுமா?

பொம்மிடி மாதிரி ஊரில் ஒரு வீட்டுக்குக் கேம் பெட்டி வருவதே பெரிய காரியம். டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 இங்கே 54,990 ரூபாய்க்கு விற்றது; சோனியின் பெரிய கேம் ஒன்று 4,999-க்கு. வாங்கினால் ஒரு பெட்டிதான். அதனால் எந்தக் கேம் எந்தப் பெட்டிக்கு மட்டும் (எக்ஸ்க்ளூசிவ்) வரும் என்பதைப் பார்த்துத்தான் காசைப் போடுவார்கள். அதைத் தெரிந்துதான் கம்பெனிகள் ஸ்டுடியோக்களை வாங்கிப்போடுகின்றன.

வாங்கியதால் கேம் நன்றாக வந்ததா? இன்சோம்னியாக் ஸ்டுடியோவின் கதையைப் பார்ப்போம். 1998-இல் ஸ்பைரோ தொடங்கி, ராட்செட் அண்ட் கிளாங்க், ரெசிஸ்டன்ஸ் என்று இருபது வருஷம் பெரும்பாலும் சோனிக்கே கேம் செய்தார்கள். அதுவரை சோனி அவர்களை வாங்கவில்லை. 2018-இல் அவர்களுடைய ஸ்பைடர்மேன் பிய்த்துக்கொண்டு விற்றது. அடுத்த வருஷம் 22.9 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ஆக, பேர் வாங்கிக் கொடுத்த எக்ஸ்க்ளூசிவ் விலை பேசுவதற்கு முன்பே வந்துவிட்டது. வாங்கிய பிறகு கிடைத்தது சீரான வரத்து: 2020, 2021, 2023 என்று தரமான கேம்கள். இழப்பும் உண்டு. 2014-இல் இதே ஸ்டுடியோ மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்காக சன்செட் ஓவர்டிரைவ் என்று ஒரு கிறுக்குத்தனமான கேம் செய்தது. இன்று அவர்கள் கையில் இருப்பது மார்வெல், மீண்டும் மார்வெல். எனக்கு அந்தக் கிறுக்குத்தனம்தான் பிடிக்கும்.

நீண்ட பழக்கம் இல்லாத இடத்தில் பணம் வேலை செய்வதில்லை. ஃபயர்வாக் ஸ்டுடியோவை சோனி 2023-இல் வாங்கியது. அவர்களுடைய கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-இல் வந்தது. செப்டம்பர் 6-இல் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் ஸ்டுடியோவையே மூடினார்கள்.

வாங்கினாலும் ஆட்கள் தங்குவார்கள் என்று இல்லை. மைக்ரோசாஃப்ட் 2002-இல் 37.5 கோடி டாலர் கொடுத்து ரேர் ஸ்டுடியோவை வாங்கியது. அதை உருவாக்கிய ஸ்டாம்பர் சகோதரர்கள் 2007-இல் விலகிப் போனார்கள். ஹேலோ தந்த பங்கியும் அதே வருஷம் மைக்ரோசாஃப்டிலிருந்து தனியாகப் பிரிந்தது. இப்படி ஆட்கள் விலகிப் போவது நமக்குப் புதிதல்ல. பொம்மிடியில் ரயிலேறினால் பக்கத்திலிருக்கும் சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் கலைஞர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்து ஏராளமான படங்களை எடுத்தார். அங்கே 1950-இல் மந்திரி குமாரிக்கு வசனம் எழுதிய கருணாநிதி, 1952-இல் பராசக்தி எழுதியது வேறு கம்பெனிக்கு.

பதிப்பாளர்களையே மொத்தமாக வாங்குவது இன்னொரு ரகம். ஜெனிமேக்ஸை 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்தக் கூட்டத்தில் ஆர்கேன் ஆஸ்டின் செய்த ரெட்ஃபால் 2023-இல் ஊற்றிக்கொண்டது. டாங்கோ செய்த ஹை-ஃபை ரஷ் அதே வருஷம் எல்லோரிடமும் பாராட்டு வாங்கியது. 2024 மே மாதம் இரண்டையுமே மூடுவதாக அறிவித்தார்கள். பாராட்டு வாங்கியவனுக்கும் அதே கதி என்றால், உள்ளே இருப்பவர்கள் அடுத்த முறை துணிந்து எதைச் செய்வார்கள்? (டாங்கோவைப் பிறகு கொரியாவின் கிராஃப்டன் எடுத்துக்கொண்டது.)

இதைவிட வேடிக்கை மைக்ரோசாஃப்டின் ஆக்டிவிஷன் பேரம். 6,870 கோடி டாலர்! இவ்வளவு பணத்தை ஒரு பெட்டியின் வாடிக்கையாளர்களை மட்டும் நம்பி எடுக்க முடியுமா? ஆக்டிவிஷனின் கால் ஆஃப் டூட்டி போட்டிப் பெட்டிகளுக்கும் வந்தே ஆகவேண்டும். கட்டுப்பாட்டு அமைப்புகளின் நெருக்கடியும் அதைத்தான் சொன்னது. அப்புறம் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கேம்களையும் அங்கே அனுப்பத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் இண்டியானா ஜோன்ஸும் ஃபோர்சா ஹொரைசன் 5-உம் பிளேஸ்டேஷனில் வந்தன. எக்ஸ்க்ளூசிவுக்காகக் கடை விரித்தவர்கள், கடை பெரிதானதும் எக்ஸ்க்ளூசிவையே கைவிட்டார்கள்.

வாங்காமலும் காரியம் நடக்கும். ஃப்ரம்சாஃப்ட்வேர் சோனியின் சொத்தல்ல. அவர்களுடைய பிளட்போர்ன் 2015-இல் பிளேஸ்டேஷனுக்கு மட்டும் வந்தது. புனேயின் நோடிங் ஹெட்ஸ் செய்த ராஜி, 2020 ஆகஸ்டில் முதலில் நின்டெண்டோ ஸ்விட்சில் வந்து பிறகு மற்றவற்றுக்குப் போனது. 2023-இல் சோனி அறிவித்த இந்தியா ஹீரோ புராஜெக்டும் இந்திய ஸ்டுடியோக்களை விலைக்குக் கேட்கவில்லை. கேம் செய்ய உதவி தருகிறது. இன்சோம்னியாக்கும் சோனியும் அந்த இருபது வருஷத்தைத் தொடங்கியது கிட்டத்தட்ட இப்படித்தான்.