பிதுக்குவதற்கென்றே வாய்த்த விரல்கள்

மார்கழி பாதி கழிந்ததும் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கத்துச் சந்தைகளில் மற்றக் காய்களெல்லாம் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். நடுவில் சாக்கை விரித்து மொச்சைக்காயைக் கொட்டியிருப்பார்கள். கிட்டே போவதற்கு முன்பே வாசம் வந்துவிடும். அதை இன்னதென்று சொல்வது கஷ்டம். கொஞ்சம் பச்சை, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, அடியில் ஏதோ ஒரு காரல். குவியலில் கையை விட்டு இரண்டு பிடி அள்ளிப் போட்டுவிட்டு விரலை முகர்ந்து பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் மதியம் வரை அந்த வாசம் விரலை விட்டுப் போகாது. போகாவிட்டால் நல்ல காய். “பனி எறங்குனாத்தான்யா மொச்சைக்கு மணம்” என்பார் விற்கிற அம்மா.

அந்த அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. நாட்டு மொச்சை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஆடியிலோ ஆவணியிலோ ராகிக் காட்டில் ஊடுபயிராக விதைத்து விடுவார்கள். ராகி அறுவடையாகும்வரை கொடி வெறும் இலையும் தழையுமாகச் சும்மா கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரவு நீளும்போதுதான் அதற்கு உணர்வு வரும். மார்கழி, தையில் காய். இப்போது வருடம் முழுக்கக் காய்க்கும் குத்துச்செடி ரகங்கள் வந்துவிட்டன. குழம்புக்கு ஆகும், குறை சொல்ல முடியாது. ஆனால் விரலில் வாசம் நிற்காது.

இந்தக் காயைச் சமைப்பதில் மூன்று நிலை. காயை அப்படியே நறுக்கலாம், அது இளசுக்கு. கொட்டையை மட்டும் உரித்துப் போடலாம், பாதி வீடுகளில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது, கொட்டையை ஊற வைத்து அதன் தோலையும் கழற்றி உள்ளிருக்கும் பருப்பை எடுப்பது. அதுதான் பிதுக்கம்பருப்பு. தமிழ்நாட்டு வட மாவட்டத்துக்காரர்களிடமும் எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார், பெங்களூர்க்காரர்களிடமும் இதன் பேரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பெங்களூரில் இந்த ஒரு காய்க்கென்றே வருடா வருடம் மேளா நடக்கிறது. அங்கே மொச்சைப் பருப்பில் தோசை, வடை, உப்புமா முதல் ஜிலேபி வரை போடுகிறார்கள். தோசை அருமை. ஜிலேபியை, போட்டவர் துணிச்சலுக்காக ஒரு தடவை சாப்பிடலாம்.

பிதுக்குவதற்கு வாங்கும் காயில் ஒரு பக்குவம் இருக்கிறது. கொட்டை உள்ளே திரண்டு, காயின் மேல்தோலில் மேடு மேடாகத் தெரிய வேண்டும். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் முற்றல், பருப்பு மாவாக இருக்கும். ரொம்பப் பிஞ்சானால் பிதுக்கும்போது நசுங்கும். ஒரு கிலோ காயை உரித்தால் அரைக் கிலோ கொட்டைகூடத் தேறாது. தோலும் போனால் இன்னும் குறையும். உரிக்கும்போது நாலைந்து காயில் புழு இருக்கும். பெரியவர்கள் முகம் சுளிக்கும் இந்தக் கட்டம்தான் பிள்ளைகளுக்குத் திருவிழா. புழு வந்த காயை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க ஓடி, எல்லாருக்கும் காட்டி, கடைசியில் செம்பருத்திச் செடியடியில் விட்டுவிட்டுத்தான் திரும்பி வருவார்கள். ஓடட்டும். காய் எங்கேயோ ஒரு காட்டில் காய்த்தது என்பது அவர்களுக்குத் தெரியும் நேரம் அது.

உரித்த கொட்டையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கழுவி, முங்கும்படி தண்ணீர் ஊற்றி வைத்துவிட வேண்டும். காலையில் தோல் உப்பிப் பருப்பை விட்டு விலகியிருக்கும். இன்னும் ஊறட்டும் என்று மதியம் வரை விட்டால் ஒரு புளித்த வாடை ஏறும். அது குழம்பு வரை வரும். கொட்டையின் ஒரு விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதல்லவா, அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் அழுத்து. தோல் எதிர்ப்பக்கம் கிழிந்து, ஈரச் சோப்பு கை நழுவுவது மாதிரி பருப்பு வழுக்கி வெளியே பாயும். இளம்பச்சை, மேலே ஒரு பளபளப்பு, இரண்டு பாதியும் பிரியாமல் முழுசாக. எவர்சில்வர் தட்டில் விழும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம். பழகிய பெண்கள் இரண்டு கையாலும் பிதுக்குவார்கள். கண் டிவியில் இருக்கும், வாய் நாத்தனார் கதையில் இருக்கும், பருப்பு மட்டும் குறி தப்பாமல் தட்டில் விழுந்துகொண்டே இருக்கும்.

அந்தத் திறமைக்கு அடுத்தபடியாக இந்த வேலைக்கு வாய்த்தவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்தான். ஆசைக்காகச் சொல்லவில்லை. நம்முடைய கட்டைவிரல் அகலம். அழுத்தினால் கொட்டை முழுவதும் அழுந்திப் பருப்பு இரண்டாகப் பிளக்கும். பிள்ளைகளின் விரல் நுனி சின்னது, அழுத்தம் ஓர் இடத்தில் மட்டும் விழும். போதாக்குறைக்கு, பருப்பு துள்ளுவது அவர்களுக்கு விளையாட்டு. யார் பருப்பு தூரம் போகிறது என்று பந்தயம் தொடங்கிவிடும். சோபாவுக்கு அடியில் நாலு, பூஜை அலமாரிக்குக் கீழே இரண்டு. சனிக்கிழமை பெருக்கும்போது கிடைக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

“பாட்டி, இது ஒடஞ்சு போச்சு.”

“ஒடையட்டும் கண்ணு. கொழம்புல கரையறதுக்கும் நாலு வேணுமில்ல?”

சமாதானத்துக்குச் சொன்னதல்ல அது. உடைந்த பருப்பு சீக்கிரம் வெந்து கரைந்து, குழம்புக்குத் தானாகவே பதம் கொடுக்கும். எல்லாம் முழுசாக இருக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பு தண்ணீர் வேறு பருப்பு வேறாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் பிதுக்கியே விற்கும் பருப்பில் வரும் குறை இதுதான். அடுக்கி வைத்த மாதிரி எல்லாம் ஒரே அளவு. பிள்ளைகள் பிதுக்கிய தட்டில் முழுசு, பாதி, நசுங்கல், தோல் ஒட்டியது எல்லாம் கலந்திருக்கும். அந்தக் கலப்புதான் ருசி.

ஒரு எச்சரிக்கை. வேலை செய்துகொண்டே வாயில் போட்டுக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம். பச்சைப் பட்டாணி உரிக்கும்போது போடட்டும், பாதிப் பட்டாணி வயிற்றுக்குத்தான் என்று கணக்குப் பண்ணியே வாங்குவோம். மொச்சை அப்படியில்லை. பச்சையாகத் தின்றால் வயிற்றுக்கு ஆகாத பொருள்கள் அதில் இருக்கின்றன, நன்றாக வெந்தால்தான் போகும். முதலிலேயே சொல்லி உட்கார வைத்துவிடுங்கள்.

இனி அடுப்பு. இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்த பருப்பைக் கொண்டுபோய்ப் பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா, கடைசியில் பாக்கெட் மசாலா என்று கொட்டிப் புதைத்துவிடுவார்கள். அப்புறம் அதில் மொச்சை இருந்தால் என்ன, சோயா உருண்டை இருந்தால் என்ன? பனிக்காலக் காய்க்கு மசாலா வேலையே இல்லை. கடலை எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு. தக்காளி ஒன்றோ இரண்டோ. காய்ந்த மிளகாயும் தனியாவும் கொஞ்சம் சீரகமும் வறுத்துத் தேங்காயோடு அரைத்த விழுது. தண்ணீர் கொதித்ததும் பருப்பைப் போட்டுத் திறந்த பாத்திரத்தில் பதினைந்து நிமிடம். குக்கரில் போட்டால் இரண்டாவது விசிலில் களிம்பாகிவிடும். இறக்கி வைத்தால் ராகிக் களிக்கு இதை விட்டால் வேறு ஜோடி கிடையாது. களி பிடிக்காத பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். களி என்றைக்காவது ஒரு நாள் பிடிக்கும்.

அடுப்பும் எண்ணெயும் பெரியவர்கள் பொறுப்பு. ஆனாலும் வறுக்கும் நேரத்தில் பிள்ளைகளை அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு முக்காலியில் உட்கார வைக்கலாம். “தனியா வாசம் வந்ததும் சொல்லு” என்று மட்டும் கேளுங்கள். முதலில் போட்டவுடனேயே “வந்துடுச்சு” என்பார்கள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போனால் சரியான நொடியில் சொல்வார்கள். கருகுவதற்கு ஒரு மூச்சு முன்னால் தனியாவிலிருந்து எலுமிச்சை கலந்த மாதிரி ஒரு மணம் கிளம்பும். அதைப் பிடிக்கத் தெரிந்த மூக்குக்கு அப்புறம் அளவுக் கரண்டி வேண்டியதில்லை. உப்பும் அப்படியே. நீங்களே போட்டு, நீங்களே பார்த்து, “சரியா இருக்கு” என்று முடித்துவிடாதீர்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பிள்ளையைக் கேளுங்கள்.

பிள்ளைகளோடு சமையல் என்றால் இப்போது எல்லாருக்கும் கேக்கும் குக்கியும்தான் ஞாபகம் வருகிறது. விடுமுறையில் வகுப்பே நடத்துகிறார்கள். பிஸ்கட்டை நொறுக்கி, சாக்லேட்டை உருக்கி, மேலே கலர் மிட்டாய் தூவிப் படமெடுத்துப் போடுவது. தப்பில்லை, மழைநாளில் பொழுது போகும். ஆனால் அதில் பிள்ளை கற்றுக்கொள்வது பாக்கெட்டைக் கத்தரிக்க. பருவத்துக் காய் கொண்டுவரும் வேலையை யாரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை. பிதுக்காமல் பருப்பு வராது. அந்த வேலைக்கு ஆள் வேண்டும். தன் கை இல்லாவிட்டால் இன்றைக்குக் குழம்பு இல்லை என்பது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் போனால் இதே தையில் சிறுகிழங்கு. விரல் பருமன்கூட இல்லாத கிழங்கு, மேலெல்லாம் மண், தோலோ காகிதத்தைவிட மெல்லிசு. ஒவ்வொன்றாகக் கத்தியால் சுரண்ட உட்கார்ந்தால் அன்றைய பொழுது போய்விடும், விரலெல்லாம் கறுப்புக் கறை. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் கண்ட வழி சணல் சாக்கு. கிழங்கை நனைத்துச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, கல்தரையில் அடித்துப் புரட்டுவது. கிழங்கும் கிழங்கும் உரசி, சாக்கின் சொரசொரப்பில் தோல் கழன்றுவிடும். சாக்கைத் தூக்கித் தரையில் அடிக்கலாம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்காது. கழுவிய கிழங்கைத் தேங்காயும் மிளகாயும் தட்டிப் போட்டுப் பொரியல் செய்தால் உருளைக்கிழங்கு பக்கத்தில் வர முடியாது. மண் வாசனையோடு ஒரு மணம் அதற்கு உண்டு.

அந்தப் பக்கத்தில்தான் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று நடக்கிறது. மார்கழி முழுவதும் பெண் பிள்ளைகள் வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூ செருகி வைப்பார்கள்; அப்புறம் அந்தப் பூக்களையே எருவாகத் தட்டிக் காயவைப்பார்கள். தையில் வாசலில் மண்ணால் ஒரு குட்டி வீடு கட்டி, அதன் முன்னால் சின்னப் பானையில் பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். பிறகு பூ எருவையும் கொஞ்சம் பொங்கலையும் கொண்டுபோய் ஆற்றில் விடுவது. சொப்புச் சாமான் விளையாட்டு ஒரு நாள் நிஜ அடுப்பாக ஆகிறது. பக்கத்தில் அம்மாக்கள் நிற்பார்கள், விறகைத் தள்ளிக் கொடுப்பார்கள், ஆனால் பொங்கல் பிள்ளைகளுடையது. அடியில் பிடித்திருந்தாலும் அதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளின் சமையலை இதைவிடக் கௌரவமாக நடத்திய ஏற்பாடு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. சில ஊர்களில் பூசணிக் கொடியும் போய், மண்தரை வாசலும் போய், இதுவும் குறைந்துகொண்டு வருகிறது என்பதுதான் வருத்தம்.

தை போனால் மாசி, பங்குனியில் மாவடு வரும். காம்போடு இருக்கும் வடுக்களைத் துடைத்து, உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாக உருட்டிப் பூச வேண்டும். கல்லுப்பும் கடுகுப்பொடியும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு ஜாடியைத் தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும். உருட்டுவதும் குலுக்குவதும் யார் வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் வேப்பம்பூ பொறுக்கிக் காயவைக்கலாம். முருங்கைக்கீரை ஏறக்குறைய எல்லா மாதமும் கிடைக்கும். ராத்திரி துணியில் சுற்றி வைத்துவிட்டுக் காலையில் கொத்தை உதறச் சொன்னால் இலை தானே உதிரும். மழைக்காலத்தில் மட்டும் கீரை ருசி மட்டம், வாங்காதீர்கள்.

இருந்தாலும் மொச்சைக்கு ஈடு எதுவும் இல்லை. அதற்குக் காலமும் குறைவு. மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் காய் சுருங்கி, விலை இறங்கி, சந்தையில் சாக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அதற்குள் ஒரு சனிக்கிழமை இரண்டு கிலோ வாங்கி வந்து, சாயங்காலம் உரித்து, ராத்திரி ஊறப் போட்டுவிடுங்கள். ஞாயிறு காலையில் தட்டைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். டிவி ஓடினாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள், இரண்டு கிலோவுக்கு ஆள் போதாது.