கண்ணம்மா, கண்ணம்மாள், கன்னம்மா: ஓய்வூதிய வேலைக்கு எது பயிற்சி?

எங்கள் அடி அண்ணாமலைத் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். கணவர் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிப் பல வருஷமாச்சு. குடும்ப ஓய்வூதியம் மாசாமாசம் வங்கிக்கு வருது, அதில் குறை இல்லை. போன மாதம் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "தம்பி, எண்பது ஆயிட்டா பென்ஷன் கூடுமாமே. எனக்கு எண்பது தாண்டி ரெண்டு தீபம் பார்த்தாச்சு. ஏன் கூடல?"

"பேப்பரெல்லாம் இருக்கா ஆயா?" என்றேன். தகரப்பெட்டி வெளியே வந்தது.

பெட்டிக்குள் இருந்தவை: கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புத்தகம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் கண்ணம்மாள். பி.பி.ஓ.வில் கண்ணம்மா. ஆதாரில் கன்னம்மா. (பெயரை மாற்றியிருக்கிறேன், குழப்பத்தை மாற்றவில்லை.) பி.பி.ஓ.வில் மனைவியின் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலி. ஆதாரில் ஜனவரி 1. எங்க ஊரில் ஒரு தலைமுறையே ஆதார்படி ஜனவரி ஒண்ணாம் தேதிதான் பிறந்திருக்கு.

இந்தக் காலி இடத்தின் விலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் முழு மடங்கு. ஆனால் கணக்குப் போடும் இடத்துக்குப் பிறந்த தேதி தெரிஞ்சால்தான் இது தானாக நடக்கும். தேதி இல்லைன்னா அந்த ஆளுக்கு வயசே ஆவதில்லை. யாரும் வேண்டுமென்றே மறுக்கவில்லை. மறுப்புக் கடிதம்கூட வராது. அதனால் எதை எதிர்த்து மனு போடுவது என்றும் தெரியாது.

தெரிந்த ஒருவரிடம் பெட்டியோடு போனேன். முன்னாள் ஹவில்தார் கிளார்க், இப்போது ஊரில் சும்மா உதவி செய்கிறார். அவர் முதலில் கேட்டது பெயரை இல்லை, படை எண்ணை. எண்ணைப் பார்த்த உடனே எந்தப் படைப்பிரிவு, எந்த ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் என்று சொல்லிவிட்டார். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். அடுத்த கேள்வி: "கல்யாணத்தைப் பார்ட் டூ ஆர்டர்ல ஏத்தினாரா?" ஒரு சிப்பாயின் கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் படைப்பிரிவின் அந்த ஆணையில் பதிவாகணும். குடும்ப ஓய்வூதியத்துக்கு அதுதான் ஆணிவேர். பத்து நிமிஷத்தில் எந்தத் தாள் தப்பு, எதை யார் திருத்தணும், எந்த வரிசையில் திருத்தணும் என்று பென்சிலால் எழுதிக்கொடுத்தார். முதலில் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் சரிபார்க்கணும், பிறகு பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்பு ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் திருத்த ஆணை போடணும்.

என் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. இவர் செய்த வேலை எந்தப் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது?

பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற ஒரே கணினி அமைப்பில் நடக்கிறது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள் அதில் இருக்கிறார்கள். நியாயமாக ஒன்றைச் சொல்லணும்: பழைய ஏற்பாடு பொற்காலம் ஒன்றும் இல்லை. அப்போது வங்கிகளின் மையங்கள் ஆளாளுக்குக் கணக்குப் போட்டன. ஒவ்வொரு ஊதியக்குழு வரும்போதும் ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ் உள்ள ரெண்டு பேருக்கு ரெண்டு தொகை வந்ததுண்டு. இப்போது கணக்கு ஓரிடத்தில். தன் ஓய்வூதியச் சீட்டைத் தானே பார்க்கலாம். இது முன்னேற்றம்தான்.

2022-ல் பொதுச் சேவை மையங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். நாடு முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இந்த வேலைக்குத் திறந்துவிடப்பட்டன. சில வங்கிக் கிளைகளும் சேர்ந்தன. எண்ணிக்கை பிரமாதம். ஆனால் அந்த மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் காலையில் பான் கார்டு, மத்தியானம் கரண்ட் பில், சாயங்காலம் பயிர்க் காப்பீடு என்று பார்க்கிறவன். அவனுக்குக் கிடைக்கும் கையேடு திரை திரையாகப் போகிறது: இங்கே அழுத்து, இதைப் பதிவேற்று, எண்ணைக் குறித்துக்கொள். அதைக் குறை சொல்லவில்லை, அதுவும் வேணும். ஆனால் கையேடு தொடங்கும் இடம் திரை. ஆயாவின் பிரச்சினை தொடங்கும் இடம் தகரப்பெட்டி. ரெண்டுக்கும் நடுவில்தான் உண்மையான வேலை இருக்கு, அதற்குப் பாடமே இல்லை.

தமிழ்ப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சேரும்போது "கே. முருகன்" என்று சொன்னவரை ஒரு கிளார்க் "முருகன் கே" என்று எழுதுவார், இன்னொருவர் "கே"யை அப்பா பெயராக விரித்துப் பெயருக்கு முன்னால் வைப்பார். பழனி ஒரு தாளில் 'எல்', இன்னொரு தாளில் 'இஸட்-ஹெச்'. பெண்கள் பெயரில் அந்த 'அம்மா', 'அம்மாள்' வித்தியாசம் நமக்குக் காதில்கூட விழாது. கணினிக்கு அது வேறொரு பெண். முன்னாள் படைவீரர்கள் இவ்வளவு இருக்கும் வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் தினம் வரும் சிக்கல் இது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே கூப்பிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வித்தியாசத்தை உறுதிமொழிப் பத்திரத்தோடு தீர்க்கலாம், எதற்கு ரெக்கார்ட்ஸ் ஆபீசே திருத்தணும் என்பதை ஒரு நாள் உட்கார்ந்து பத்து உண்மையான ஃபைல்களை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். அந்த ஒரு நாள் நாலு லட்சம் மையத்தைவிட எங்க ஆயாவுக்கு உதவும்.

"பயிற்சியில என்ன இருக்கு, சாஃப்ட்வேர் சரியா இருந்தா போதும்" என்பவர்களுக்கு 2022 ஏப்ரலை நினைவுபடுத்தணும். வருடாந்தர அடையாளச் சான்று, அதாவது உயிர்வாழ் சான்று, ஸ்பர்ஷில் பதிவாகாதவர்கள் பட்டியல் ஒன்று இருந்தது, 3.3 லட்சம் பேர். பட்டியலை வங்கிகளுக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஏப்ரல் 25-க்குள் 2.65 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் சேர்ந்துவிட்டது. ஆனால் 58,275 பேருடைய நிலையை மாசம் முடிவதற்குள் வங்கிகளால் உறுதிசெய்ய முடியவில்லை. அவர்களுக்கு ஏப்ரல் ஓய்வூதியம் வரவில்லை. சத்தம் எழுந்தபின், மே முதல் வாரத்திலேயே சிறப்பு விலக்கு கொடுத்துப் பணத்தைப் போட்டார்கள். சான்று தர மே 25 வரை அவகாசம். விரைவாகச் சரிசெய்ததைப் பாராட்டலாம். எனக்குக் கேள்வி வேறு. சரிபார்க்க நேரம் போதாத பெயர்களுக்குப் பணத்தை நிறுத்துவதா, கொடுத்துவிட்டுத் தேடுவதா? சாஃப்ட்வேர் இதை முடிவு செய்வதில்லை, அதை ஓட்டுகிற மனிதர்கள் செய்கிறார்கள். இரண்டாவதுதான் சரி என்று மே மாதம் தெரிந்த விஷயம் ஏப்ரலில் ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

இது இந்திய வியாதி மட்டும் இல்லை. 2014-ல் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரப் படைவீரர் மருத்துவமனையில் என்ன நடந்தது? 14 நாளில் டாக்டரைப் பார்க்க வைக்கணும் என்று இலக்கு. இலக்கை எட்டியதாகக் காட்ட, காத்திருப்போர் பெயர்களைக் கணக்கில் வராத பட்டியலில் வைத்தார்கள். துறைச் செயலர் எரிக் ஷின்செகி மே 30-ம் தேதி ராஜினாமா செய்தார். இதில் என்னை உறுத்துவது, அப்பாயின்ட்மென்ட் போடும் ஊழியர்களின் பயிற்சியும் நடைமுறையும் சரியில்லை என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2012 டிசம்பரிலேயே எழுதிவிட்டது. அந்த ஊழியர்களுக்குப் பயிற்சி தந்தது கையேடு இல்லை, இலக்குதான். இங்கேயும் 'குறை மூடப்பட்டது' என்பதும் 'குறை தீர்ந்தது' என்பதும் ஒரே கட்டத்தில் எண்ணப்பட்டால், ஊழியர் எதைக் கற்றுக்கொள்வார் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

மாவட்ட அளவில் ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு 1919-ல் தொடங்கிய இந்தியப் படைவீரர் வாரியம்தான் இன்றைய கேந்திரிய சைனிக் போர்டு. அதன் கீழே மாநில, மாவட்ட வாரியங்கள். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம், உதவி இயக்குநர் தலைமையில். கொடிநாள் வசூல், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், கல்வி உதவி, ஓய்வூதியமே இல்லாத வயதானவர்களுக்கான வறுமை உதவித்தொகை (2025 நவம்பரிலிருந்து மாதம் 4,000 என்பது 8,000 ஆகியிருக்கிறது) என்று எல்லாம் அவர்கள் தலையில். 2024 சுதந்திர தினத்தில் மாநில அரசு அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' தொழில் கடன் திட்டமும் இவர்களிடம்தான் வருகிறது. திட்டங்கள் கூடக்கூட வேலை கூடுது. கற்றுக்கொள்ள நேரம் எங்கிருந்து வரும்?

ஒரு விஷயத்தில் என் கருத்து இன்னும் உறுதிப்படவில்லை. என் ஹவில்தார் மாதிரி ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துப் பழைய தாள் படிக்கச் சொல்லித்தர வைக்கலாமா? அவரிடமே கேட்டேன். சிரித்தார். "சொல்லித்தரலாம் தம்பி. ஆனா கத்துக்க வர்றவன் ஆறு மாசத்துல வேற சீட்டுக்குப் போயிடுவான்." சரியான பதில்தான். பயிற்சி தந்தவரை அதே வேலையில் சில வருஷம் வைத்திருக்காவிட்டால் அந்தச் செலவு வீண். இதை நிர்வாகச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் இடமாறுதல் என்பது வேறு அரசியல்.

ஆயாவின் மனு ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் போயிருக்கிறது, பென்சில் குறிப்பின் நகலோடு. இதற்கிடையில் வங்கியில் ஒரு கையெழுத்து வேணுமாம். அடுத்த வாரம் கூட்டிப்போகணும். பௌர்ணமிக்கு முன்னாடியே போயிடணும், அன்னைக்குக் கிரிவலக் கூட்டத்தில் எங்க தெருவிலிருந்து ஆட்டோ வெளியே வராது.