ஊழியம் என்ற சொல்

பழைய திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. சர்க்கார் ஆள் கைகாட்டிய இடத்துக்குச் சுமை தூக்கிப் போக வேண்டும்; மறுத்தால் அடி. அதே சொல்லைத்தான் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆண்டவருக்குச் செய்யும் பணிக்கும் வைத்திருக்கிறார்கள். “மூத்தவன முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துட்டோம்” என்று பெற்றோர் முகம் மலரச் சொல்லும் வீடுகள் நாகர்கோவில் பக்கம் ஏராளம்.

இந்த மாற்றம் வெறும் பிரசங்கத்தால் வந்ததல்ல. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் சபையை நிறுவினார். பிறகு கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. தேவனுக்கு ஊழியனானவனை அந்த ஒரு நாளாவது அதிகாரியால் இழுத்துப்போக முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குனிந்திருந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை! மேலாடை உரிமை கேட்டு எழுந்த தோள்சீலைப் போராட்டத்துக்கான துணிவும் இங்கிருந்து கிளைத்தது. 1859 அரசாணை நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்தது. மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக் கூடாது என்றது. (புகழ் முழுவதும் மிஷனுக்கே உரியதல்ல. அதே மண்ணில் அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.)

விடுதலை தரும் இந்த ஊழியத்தின் வேரை யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் காண்கிறேன். சீஷர்களின் கால்களைக் கழுவுமுன், பிதா எல்லாவற்றையும் தம் கையில் தந்திருக்கிறார் என்பதை இயேசு அறிந்திருந்தார். தாம் யார் என்ற தெளிவு முதலில். குனிந்தது அதற்குப் பிறகு. கழுவி முடித்ததும் மேலாடையை உடுத்திக்கொண்டு தம் இடத்தில் மறுபடி அமர்ந்தார். பணிவிடையால் அவருடைய இடம் பறிபோகவில்லை.

நம் சபைகள் சறுக்குவது இங்கேதான். நிமிரவே விடப்படாதவர்களிடம் முதலில் குனியச் சொல்கிறோம். அடிபட்டு வந்து நிற்கும் மனைவியிடம், “சிலுவையைச் சுமக்கணும்மா” என்கிறோம். அடித்தவனிடம் தாழ்மையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாதி விஷயத்திலும் இதே சறுக்கல்தான். வடக்கன்குளத்தில் ஒரே ஆண்டவரின் அடியார்கள் சாதிவாரியாகப் பிரிந்து நிற்கக் கோயிலுக்குள்ளேயே சுவர் இருந்தது. அது இடிபட 1910 வரை ஆயிற்று.

கத்தோலிக்கக் கோயில்களில் பெரிய வியாழன் மாலை அந்தக் கால் கழுவுதலை நினைவுகூரப் பன்னிரண்டு பேர் வெள்ளை வேட்டியில் வரிசையாக உட்காருவார்கள். கால்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்தவை. சாமியார் மண்டியிட்டுக் கழுவிக்கொண்டே போவார். தாம்பாளத்தை ஏந்தி அவரோடு நகர்வது கோயிலின் பணியாளரான கோயில்பிள்ளை. சுவிசேஷத்தில் தண்ணீரை வார்த்ததும் துண்டை அரையில் கட்டியதும் இயேசுவேதான். இங்கே அழுக்குத் தண்ணீரைக் கொட்டுபவரும் துண்டுகளைப் பிழிந்து காயப்போடுபவரும் கோயில்பிள்ளைதான். அவருடைய கால்களை எவரும் கழுவி நான் பார்த்ததில்லை.

ஒருமுறை ஒரு கமிட்டிக் கூட்டத்தில், கொஞ்சம் சம்பளம் கூட்டித் தரச் சொல்லிக் கோயில்பிள்ளை கேட்டார். “ஊழியந்தானே, அதுக்குப்போய் கணக்குப் பாக்கலாமா?” என்றார் ஒரு பெரியவர். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் அங்கே இருந்தேன்.