முச்சை கைக்குள் வந்த கதை

சில்வப்லானா ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,790 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. கோடையில் வெயில் நன்றாக ஏறிய மதியங்களில் மலோயா கணவாய்ப் பக்கமிருந்து காற்று வரும். கைட்சர்ஃபிங்குக்கான புதிய பட்டத் தண்டைச் சோதிக்க சுவிஸில் இதைவிட நல்ல இடம் தேட வேண்டாம்.

தண்டு அரை மீட்டர் நீளம்தான். அதன் இரு முனை நூல்களும் பட்டத்தின் பின்விளிம்புக்குப் போகின்றன. நடு ஓட்டையில் ஓடும் கயிறு, முன்நூல்களை இடுப்புக் கொக்கியோடு சேர்க்கிறது. பெரும்பாரம் இடுப்புக்கு, கைகளுக்குத் திருப்பும் வேலை. தண்டை நம் பக்கம் இழுத்தால் பட்டம் காற்றை வாங்கும், தள்ளினால் தணியும்.

வல்வெட்டித்துறையில் பொங்கலன்று ஏற்றும் பட்டத்துக்கு முச்சையை, அதாவது காற்றுக்கு அது நிற்கும் சாய்வைத் தீர்மானிக்கும் நூல்கட்டை, தரையிலேயே பார்த்துக் கட்டிவிட வேண்டும். ஏறியபின் மாற்ற முடியாது. இங்கே அந்தச் சாய்வு பறக்கும்போதே கைக்குள் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

புதுத் தண்டு என்றால் நிறத்தை விடுங்கள், நூல்களைப் பாருங்கள். நான்கையும் ஒரே கம்பத்தில் மாட்டி இழுக்கும்போது தண்டு கோணினால் பட்டமும் ஒரு பக்கம் சாயும். பிறகு, சிவப்பு அவசர விடுவிப்பைக் கையுறையோடு தள்ளிப் பாருங்கள். சிக்கினால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.