துருவின் நீலம்

நூறு வயது தாண்டிய வேட்டை ரைபிள் கைக்கு வந்தால், நான் முதலில் ஜன்னலோரம் போவேன். டியூப்லைட்டின் கீழ் அதன் குழல் வெறும் கறுப்பு. காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் மெல்ல உருட்டினால் கறுப்புக்குள்ளிருந்து ஒரு நீலம் எழுந்து, குழலின் நீளம் முழுக்க ஓடி, மறுபடி கறுப்புக்குள்ளேயே அமிழ்ந்துவிடும். கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பு அதில் கிடையாது. நாவல்பழத்தைத் துணியில் ஒருமுறை துடைத்தால் தெரியுமே, அந்த நிறம்.

அது பெயிண்ட் அல்ல, முலாமும் அல்ல. துரு. இரும்பைத் தின்னும் துருவை வேண்டுமென்றே வரவழைத்து, வெந்நீரில் வேகவைத்து, அந்த இரும்புக்கே காவலாக நிறுத்திய வேலை. இங்கிலாந்தின் துப்பாக்கிப் பட்டறைகளில் இதை ‘பிளாக்கிங்’ என்பார்கள். அமெரிக்காவில் ‘ரஸ்ட் புளூயிங்’. துருவால் நிறம் ஏற்றிய ரைபிளுக்குத் துருவாலேயே நிறம் மீட்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை.

முதல் வேலை, எஞ்சிய நிறத்தையும் கெட்ட துருவையும் எடுத்து இரும்பை வெள்ளையாக்குவது. கெட்டுப்போவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். அவசரக்காரர் குழலை பஃபிங் சக்கரத்தில் கொடுப்பார். ஐந்தே நிமிடத்தில் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னும். ஆனால் சக்கரத்தின் துணி மெத்தென்றது. திருகாணித் துளையின் விளிம்பில் அமுங்கிக் குழி பறிக்கும், எண்கோணக் குழலின் கூர்விளிம்புகளை மழுக்கும், பொறித்த எழுத்துகளைக் கரைக்கும். அப்படிப் ‘புதுப்பித்த’ ரைபிள் ஒன்றை ஒருமுறை பார்த்தேன். செய்த பட்டறையின் பெயர் வேண்டாம். குழலைச் சுட்டுச் சோதித்ததற்கான சோதனைச்சாலை முத்திரை இருந்த இடத்தில் ஒரு தடவல்தான் மிச்சம். தயாரித்தவர் பெயரின் கடைசி எழுத்துகள் ஈரச் சோப்பில் கீறியவைபோல மங்கியிருந்தன. போன நிறத்தை மறுபடி ஏற்றலாம். போன இரும்பை எங்கே போய் எடுத்துவருவது?

கை தேர்ந்தவர் அரம், சிறு சாணைக்கல், மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாள் என்றுதான் போவார். இழுப்பெல்லாம் குழலின் நீளவாக்கில். 400-ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்திவிடுவார்; அதற்கு மேல் வழவழப்பாக்கினால் கரைசல் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. பிறகு எண்ணெய்ப் பிசுக்கு போகச் சலவைச் சோடா நீரில் ஒரு கொதி. குழலின் இரு முனையிலும் இறுக்கமான மரத்தக்கை; இனிமேல் அந்தத் தக்கைகளே கைப்பிடி. வெறும் விரல் இரும்பில் பட்டால் ரேகை கடைசிவரை வெளுப்பாக நின்றுவிடும்.

நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களில் இரும்பைக் கரைத்து, நீர் விட்டுத் தணித்த கரைசல்தான் மருந்து. பட்டறைக்குப் பட்டறை பக்குவம் மாறும். பழைய பக்குவங்களில் பாதரச உப்பும் மயில்துத்தமும் சேர்ந்ததுண்டு. பஞ்சில் தோய்த்து, சொட்டாமல் பிழிந்து, நீளமாக ஒரே இழுப்பு. தடவிய இடத்தில் மறுபடி தடவக் கூடாது. பிறகு வெதுவெதுப்பான ஈரப்பெட்டிக்குள் சில மணி நேரம் தொங்கவிடுவார்கள்.

பெட்டியைத் திறக்கும்போது புதிதாகப் பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். நாள்கணக்கில் இழைத்த குழல் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். அந்தப் பூப்பு வெல்வெட் போலச் சீராக இருக்க வேண்டும். புள்ளிபுள்ளியாகத் திரண்டிருந்தால் அமிலம் இரும்பைக் கடித்துவிட்டது என்று அர்த்தம். உப்புத்தாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அடுத்தது நீண்ட தொட்டியில் கொதிநீர். காய்ச்சி வடித்த நீர், இல்லையென்றால் சுத்தமான மழைநீர்; குளோரின் கலந்த குழாய்த்தண்ணீர் திட்டு விழவைக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தச் சிவப்பு கண்ணெதிரே கறுத்துவிடும். செந்துரு மாக்னடைட் ஆகிவிட்டது. நாம் காந்தக்கல் என்று சொல்வதும், சேலத்துக் கஞ்சமலையின் தாதில் இருப்பதும் இந்த மாக்னடைட்தான். கல்லிலிருந்து உருக்கிப் பிரித்த இரும்பு, மேல்தோலில் மட்டும் மறுபடி கல்லாகிறது. இந்த ஒரு கட்டத்துக்காகவே இந்தக் கலையிடம் எனக்கு மயக்கம்.

மேலே மசிபோல் படிந்திருக்கும் தூளை மெல்லிய கம்பிப் பிரஷ்ஷால் நீவி எடுத்தால் அடியில் தெரிவது வெறும் சாம்பல் நிறம். முதல் சுற்றுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மறுபடி கரைசல், மறுபடி ஈரம், கொதி, பிரஷ். மூன்றாம் சுற்றில் ஸ்லேட்டுப் பலகையின் நிறம். ஆறாவதை நெருங்கும்போது நீலம் தலைகாட்டும். எட்டு, சில இரும்புக்குப் பத்து. எப்போது நிறுத்துவது என்பதைத் துருவே சொல்லிவிடும். புதிதாகப் பிடிக்காமல் அடம்பிடிக்கும். மிஞ்சிய அமிலத்தைச் சோடா உப்பில் அடக்கி, குழலின் சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவினால், கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதைக் குடித்து நிறத்தை இன்னும் ஆழமாக்கும்.

காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும் தொட்டியில் முக்கினால் எல்லாம் அரை மணியில் முடிந்துவிடும். இன்றைய தொழிற்சாலை வழி அது. இரட்டைக்குழல் ரைபிளுக்கோ அது எமன். இரு குழலையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. காஸ்டிக் அதை அரிக்கும். இடுக்கில் புகுந்த உப்பு உள்ளேயே கிடந்து இரும்பையும் தின்னும். இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்படி, சுட்டுப் பார்த்து, பற்றை இளக்கி, குழல்களுக்கு நடுவிலுள்ள ஆப்பை நகர்த்தி, மறுபடி சுட்டுப் பார்த்துச் சரிசெய்தவர் இன்று உயிரோடு இல்லை. பற்று விட்டால் அவர் கைவேலையும் போயிற்று.

திருகாணிகளுக்கு வேறு வழி. உருகிய வெடியுப்பில் முக்கினால் சூட்டுக்கு ஏற்ப வைக்கோல் மஞ்சள், பழுப்பு, கத்தரிப்பூ நிறம் எல்லாம் வந்து, 300 டிகிரியை ஒட்டி மயில்கழுத்து நீலம் விரியும். அரிவாளுக்குத் துவைச்சல் போடும் நம் கொல்லருக்கு இந்த நிறவரிசை மனப்பாடம். நீலம் வந்ததும் எடுக்காவிட்டால் வெளிறிச் சாம்பலாகிவிடும்.

பூட்டுப் பகுதியின் நிறங்களை மட்டும் மீட்க வேண்டாம் என்பேன். எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டிக்குள் பழுக்கக் காய்ச்சி, காற்றுக் குமிழியிடும் நீரில் கொட்டும்போது பிறந்தவை அவை; தார்ச்சாலை மழைநீரில் மிதக்கும் பெட்ரோல் மாதிரி நீலமும் பழுப்பும் வைக்கோலும் கலந்து நெளியும். வெயிலும் கைவியர்வையும் அவற்றை மெல்ல எடுத்துப் போய்விடும். மறுபடி காய்ச்சினால் பழைய இரும்பு கோணிக்கொள்ளலாம், வலுவும் கெடலாம். டார்ச்சில் வாட்டிப் போலி நிறம் ஏற்றுவது அதைவிட மோசம். வெயில் படாத ஓரத்தில் பழைய நிறம் நகக்கண் அளவு மிஞ்சியிருக்கும். கழற்றி, பார்த்து, எண்ணெய் தொட்டு மூடிவிட்டால் போதும்.

வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைபிளை நினைத்துக்கொள்கிறேன். சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907-ல் வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாணங்களின் துணை ஆளுநர் ஜான் ஹூயெட் அவருக்குப் பரிசளித்தது. கார்பெட்டின் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் நெடுநாள் இருந்து, 2015-ல் தன்னைச் செய்த ரிக்பி நிறுவனத்திடமே திரும்பியது. பரணில் கிடந்து துருவேறிய ரைபிளுக்குத்தான் மேலே சொன்ன அத்தனை பாடும். கார்பெட் சுமந்ததுபோல ஒருவர் காடு காடாகச் சுமந்த ரைபிளை உப்புத்தாள் தொடவே கூடாது. தேய்மானம் அதில் கண்ட இடத்தில் வருவதில்லை. ஒற்றைக் கையில் தூக்கி நடக்கும்போது எடை சமனாகும் புள்ளியில், நான்கு விரல் அகலத்துக்கு, நீலம் பழுப்பாகி, பழுப்பும் வெளிறி வெள்ளி தெரியும். அந்த இடத்தில் தூக்கிப் பாருங்கள். விரல்கள் தேடாமலே பொருந்தும்.