வகிடு எடுக்கும் கை

ஜவ்வாது மலையில் தலை பின்னத் தெரியாத பெண் அபூர்வம். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அக்கா தங்கைக்குப் பின்னிவிடும் வேகமே அதைச் சொல்லிவிடும். அந்தக் கை போளூரிலோ திருப்பத்தூரிலோ பார்லர் வேலைக்குப் போனால், முதலில் படிக்க வேண்டியது முடியைப் பாகம் பிரிப்பது. வால் சீப்பின் முனையால் நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு கோடு, காதிலிருந்து காதுக்கு இன்னொன்று. நான்கு பாகம், நான்கு கிளிப். வகிடு கோணிவிட்டால் எத்தனை முழம் மல்லிகை வைத்தாலும் மறையாது.

சிக்கெடுப்பது நுனியிலிருந்துதான். மேலே முடியை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே சீவினால் வேர் இழுபடாது. டிரையர் காற்று வேரிலிருந்து நுனிக்குப் போக வேண்டும். முடியின் மேல்செதில்கள் படிந்து பளபளப்பு வருவது அப்படித்தான். ஈர முடியில் அயர்னிங் கூடவே கூடாது.

எனக்கு மிகப் பிடித்தது பிரெஞ்சுப் பின்னல். உச்சியில் மூன்று கால் எடுத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கத்து முடியை ஒரே அளவாகச் சேர்த்துக்கொண்டே இறங்க வேண்டும். இழுவை ஓரிடத்தில் தளர்ந்தாலும் அங்கே புடைத்து நிற்கும். என்ன நிதானமான வேலை! ஆயிரங்கால் சடை பின்னிப் பழகிய விரல்களுக்கு அந்த இழுவை சீக்கிரமே பிடிபடும். கல்யாண சீசனில் பார்லர்கள் தேடுவதும் அத்தகைய விரல்களைத்தான்.